நைஸ் மாவு

கல்லில் அரைபட்டு விழுகிற மாவு சுடும். வீட்டில் மிக்ஸி வைத்துப் பொடி செய்கிறவர்களுக்கு இது தெரிய நியாயமில்லை. துணிக் குழாய் வழியாக டின்னில் வந்து இறங்கும்போது கோதுமை மாவு கை பொறுக்கும் சூட்டில் இருக்கும். வாசனை மட்டும் மூக்கில் ஏறித் தும்மல் வரும். அதில் ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்து, "நைஸா கீது" என்று அம்பத்தூரில் ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

நான் நெடுங்காலம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவள். கட்டுரை எழுதச் சொன்னால் பிள்ளைகள் எதைப் பார்த்தாலும் நைஸ் என்றுதான் எழுதும். மாம்பழம் நைஸ், மாமா நைஸ், மகாபலிபுரமும் நைஸ். சிவப்பு மசியால் அடித்து, "இந்த ஒரு வார்த்தையை விட்டால் உங்களுக்கு வேறு நாதியில்லையா?" என்று கத்துவேன். ஆனால் ஒன்று சொல்லிவிட வேண்டும்: நான் வாழ்க்கையில் முதன்முதலாகக் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் வார்த்தையும் அதுதான். அதைப் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. வெள்ளைக்காரன் நாட்டை ஆண்டுகொண்டிருந்த காலத்தில் எங்கள் நைனா வைத்திருந்த மாவு மிஷினில் கற்றேன்.

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நிலத்தில் ஒரு பகுதியை விற்று, சொந்தக்காரர்களின் ஏச்சையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அம்பத்தூர் ரயில் ரோட்டுக்குத் தெற்கே ஓர் ஓட்டுக் கொட்டகை போட்டு அவர் அந்த மிஷினை நிறுத்தினார். ஆயில் என்ஜின் ஒன்று, அது இழுக்கும் பெல்ட் ஒன்று, நெல் குத்த ஒரு பக்கம், மாவு அரைக்க ஒரு பக்கம். அந்த என்ஜின் குடிக்கும் குருடாயில் நாற்றம் எங்கள் துணியில், தலைமுடியில், அம்மா வைக்கும் குழம்பில்கூட இருந்தது. என்ஜின் ஓடினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. ஆகவே எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தொண்டை பெரிசு. இன்றைக்கும் நான் போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்துகிறாள்.

மிஷின் பாகங்களைப் பூட்டிக் கொடுக்கப் பெரம்பூரிலிருந்து ஒரு சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்திய, ஃபிட்டர் வந்தார். கல்லின் இடைவெளியைத் திருகிச் சரிபார்த்து, அரிசி போட்டு ஓட்டி, விழுந்த மாவை விரலில் தேய்த்துப் பார்த்து, "நைஸ்" என்றாராம். இன்னும் கொஞ்சம் திருகி, மறுபடி தேய்த்து, "வெரி நைஸ்" என்றாராம். நைனாவுக்கு அது போதும். மறுநாள் காலை முதல் டின் வந்ததும், "ரவையா, நைஸா?" என்று கேட்டுவிட்டார். அந்த வட்டாரத்தில் அந்த வார்த்தை பரவியதற்கு எங்கள் மிஷின்தான் மூலம் என்று நான் அடித்துச் சொல்வேன். கொரட்டூர்க்காரர்களும் ஆவடிக்காரர்களும் இதற்கு உரிமை கொண்டாடலாம், கொண்டாடட்டும். எங்கள் தெருவில் இருந்த தமிழ்ப் பண்டிதர் ஒருவர், "நைய அரைத்தது நைசு. இது சுத்தமான தமிழ். துரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று சண்டைக்கு வந்தார். "அப்ப துரை உங்ககிட்டத்தான் வந்து தமிழ் கத்துக்கினாரா?" என்று நைனா கேட்டதும் பண்டிதர் மாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் அடுத்த முறை வந்தபோது அவரும் நைஸாகவே அரைத்துக்கொண்டு போனார்.

மாவு மிஷினில் ஒரு சங்கடம் உண்டு. எவ்வளவு தட்டினாலும் கல் ஒரு பிடி மாவைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அடுத்தவர் தானியம் விழும்போதுதான் அதை வெளியே விடும். அதனால் டின்னோடு வருகிற யாரும், "முன்னாலே இன்னா ஓடிச்சி?" என்று கேட்டுக்கொள்வார்கள். மிளகாய் ஓடியிருந்தால் ஆபத்தல்லவா? ஆனால் எங்கள் ஊரில் இன்னொரு கேள்வியும் இருந்தது. "முன்னாலே யாருது ஓடிச்சி?" என்பது அது. மிளகாயைவிட அந்தக் கேள்விக்குத்தான் எல்லாரும் அதிகம் பயந்தார்கள். சேரிக்காரர் வீட்டுத் தானியம் ஓடிய கல்லில் ஊர்க்காரர் வீட்டுத் தானியம் ஓடக்கூடாது. ஆகவே நைனா ஓர் ஏற்பாடு செய்திருந்தார். காலையில் ஊருக்கு, மத்தியானம் சேரிக்கு. நடுவில் என்ஜினை நிறுத்துவார். மறுநாள் விடிந்ததும் கல்லில் தவிடு விட்டு ஓட்டி, துடைத்து, சாம்பிராணி போட்டுவிட்டுத்தான் ஊர்க்காரர் டின்னைத் தொடுவார். இதை யாரும் தப்பு என்று சொல்லவில்லை. எனக்கும் அது சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரிதான் தெரிந்தது.

அப்புறம் சண்டை வந்தது. ஜெர்மன்காரனோடும் ஜப்பான்காரனோடும் வெள்ளைக்காரன் போட்ட சண்டை. ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கிற்று. அரிசி மறைந்து ரேஷனில் கோதுமை வந்தது. கோதுமையை என்ன செய்வது என்றே எங்கள் ஜனங்களுக்குத் தெரியாது. அரிசி மாதிரி உலையில் போட்டு வேகவைத்துத் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. கடைசியில் எல்லாரும் அதை டின்னில் கொட்டிக்கொண்டு எங்கள் மிஷினுக்கு வந்தார்கள். அதே சமயம் பார்த்துக் குருடாயிலுக்குப் பர்மிட் வந்துவிட்டது. என்ஜினை ஒருமுறை சூடுபண்ணிக் கிளப்புவதற்கே பாதி எண்ணெய் போய்விடும். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று இரண்டு முறை கிளப்ப வழியில்லை. ஒரே ஓட்டம், அதற்குள் அரைத்தவர்களுக்குத்தான் அன்றைக்குக் கஞ்சி.

"அப்ப ஊருக்கு மட்டும் ஓட்டுப்பா" என்று ஊர் மணியக்காரர் சொல்லி அனுப்பினார். நைனா தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, "டின் வந்த வரிசையிலே ஓட்டு நைனா" என்றாள் என் அக்கா சகுந்தலா.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். பூந்தமல்லியில் மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கிக் கொஞ்ச நாள் படித்துவிட்டு வந்தவள். மிஷினில் டின்களை வரிசைப்படுத்துவது அவள் வேலை. அவள் பேச்சில் இனிப்பும் இருக்காது, காரமும் இருக்காது. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். "மத்தியானம் அவங்களுக்கு ஓட்ட எண்ணெய் இல்ல. அவங்க புள்ளைங்க கோதுமைய கொட்டையா முழுங்குமா?" என்று கேட்டாள். நைனாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் பதில் தெரியாவிட்டால் கோபப்படமாட்டார். அப்படித்தான் எங்கள் மிஷினில் வரிசை வந்தது.

ஊர் முணுமுணுத்தது. நாலு பேர் மிஷின் பக்கமே வராமல் வீட்டுக் கல் ஏந்திரத்தைக் கையால் சுற்றி அரைத்துப் பார்த்தார்கள். கை வலித்ததும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, எதையும் கேட்காமல், எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். கேட்டால்தானே தெரியும்? கேட்காவிட்டால் எல்லாம் சுத்தம்தான்.

இந்தச் சமயத்தில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வேணுகோபாலுக்கு ஊர் பூந்தமல்லி, வேலை ஆவடி ராணுவக் கிடங்கில் கிளார்க். பெண் பார்க்க வந்த அன்றைக்கே அக்காவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. இதை அவள் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க டின் வரிசையை இரண்டு தரம் தப்பாகச் சொல்லித் திட்டு வாங்கினாள் என்றால் வேறென்ன அர்த்தம்? மாப்பிள்ளையின் தாயார் பெயர் தாயாரம்மாள். விதவை, ஒற்றைப் பிள்ளை. பிறத்தியார் வீட்டில் தண்ணீர் குடிக்கும் முன் சொம்பைத் தானே ஒருமுறை அலம்பிக்கொள்வார். மற்றபடி நல்ல மாதிரி.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மாவு இடிக்கிற சடங்கு ஒன்று உண்டு. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து முதல் பிடி அரிசியைப் போட, சீர் முறுக்குக்கான மாவை உரலில் இடிப்பார்கள். எங்கள் நைனா சும்மா இருப்பாரா? "மிஷின்காரன் வீட்டுக் கல்யாணத்துக்கு உரலா?" என்று, சடங்கையே மிஷினில் வைத்துவிட்டார். என்ஜினுக்கு மஞ்சள் குங்குமம், பெல்ட் சக்கரத்துக்கு மாவிலைத் தோரணம். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நைனா கேட்கவில்லை.

பூந்தமல்லியிலிருந்து மாட்டு வண்டி வரத் தாமதமாயிற்று. இங்கே கொட்டகை வாசலில் கோதுமையும் கேழ்வரகுமாக ஜனங்கள் காத்திருந்தார்கள். குழந்தைகள் அழுதன. நல்ல நேரம் தப்பாமல் என்ஜினையும் கிளப்பியாகிவிட்டது. நிறுத்தினால் அன்றைக்கு மறுபடி கிளப்ப எண்ணெய் இல்லை. "சும்மா ஏன் ஓடணும்? அவங்க வர வரைக்கும் ஜனங்களுக்கு அரைப்போம்" என்றாள் அக்கா. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளே டின்களை எடுத்துக் கொடுத்தாள். மணியக்காரர் வீட்டுக் கோதுமை ஓடிற்று. அதற்கடுத்து, சேரியிலிருந்து வரும் முனியம்மாவின் கேழ்வரகு ஓடிற்று. அது முடியவும் மாட்டு வண்டி மணிச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

தாயாரம்மாள் வந்தார், முதல் பிடி அரிசியைப் போட்டார், பெண்கள் கத்தி கத்திப் பாட்டுப் பாடினார்கள், மாவு விழுந்தது. அவர் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "நைஸா கீது சம்மந்தி" என்றார். நைனாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அடுத்த நிமிஷம், எல்லாரும் கேட்பதைத்தான் அவரும் கேட்டார்.

"முன்னாலே யாருது ஓடிச்சி?"

நைனா அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கே புரிந்தது: மணியக்காரர் வீட்டுது என்று சொல்லித் தொலை. பொய்கூட முழுப் பொய் இல்லை. ஒரு டின் தள்ளிச் சொன்னால் முடிந்தது. கல்யாணம் நடந்துவிடும். மிஷினில் மெதுவாக எதையும் சொல்ல முடியாது. சொன்னால் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

"முனியம்மா ஊட்டுக் கேவுரு" என்று அக்கா கத்தினாள்.

தாயாரம்மாள் விரலில் ஒட்டியிருந்த மாவை முந்தானையில் துடைத்தார். துடைத்த முந்தானையையும் உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டார். டின்னைத் தலையில் ஏற்றிக்கொண்டு வாசலைத் தாண்டப் போன முனியம்மா இதைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இன்னா எம்மா அப்படித் தொடைக்கிற? என்னுதுக்கு முன்னாலே மணியக்காரு ஊட்டுக் கோதும ஓடிச்சி. அதுல ஒரு பிடி என் டின்னுலயும்தான் கீது. நா எதுனா கேட்டனா?"

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அவள் பிள்ளைகளுக்குக் களி கிண்ட நேரமாகிவிட்டது. தாயாரம்மாள் கொண்டுவந்த தாம்பூலத் தட்டை அங்கேயே வைத்துவிட்டு வண்டியில் ஏறினார். சம்பந்தம் அத்தோடு முறிந்தது.

அம்மா அன்று அழுத அழுகையை எழுத எனக்குத் தெம்பு இல்லை. "ஒரு வார்த்த மாத்திச் சொல்லியிருந்தா இன்னாடி கொறஞ்சி போயிருக்கும்? ஒரே ஒரு வார்த்த!" என்று கேட்டுக் கேட்டு அழுதாள்.

"இன்னிக்கு ஒரு வார்த்ததாம்மா. அங்க போனப்புறம் தெனம் மாத்தி மாத்திச் சொல்லணுமே. என்னால முடியாது" என்றாள் அக்கா. அப்படிச் சொன்னவள்தான் தவிட்டு அறைக்குள் போய், என்ஜின் நின்றுவிட்டதை மறந்து, வாய்விட்டு அழுதாள். நான் வெளியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அவள்மேல் கோபமான கோபம். புதுப்பாவாடை போயிற்று, முறுக்குப் போயிற்று, கல்யாணமே போயிற்று என்று எனக்கும் அழுகை வந்தது.

மிஷின் சில நாள் பூட்டிக் கிடந்தது. முன்பு சொன்னபடியே ஊருக்கு மட்டும் ஓட்டச் சொல்லி மணியக்காரர் இரண்டு பேரோடு வந்து உட்கார்ந்தார். "இப்பயாவது புத்தி வந்துதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை மட்டும் அவர் கேட்காமல் இருந்திருந்தால் நைனா ஒருவேளை மசிந்திருப்பார்.

"எம் பொண்ணு கல்யாணமே போயிடுச்சி. இனிமே எவனுக்கு நா பயப்படணும்? டின்னு வந்த வரிசதான். இஷ்டமிருந்தா வா, இல்லாங்காட்டி ஏந்திரத்தச் சுத்து" என்று சத்தம் போட்டு, அப்போதே போய் என்ஜினைக் கிளப்பினார்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காக்கி நிக்கரும் சட்டையுமாக ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். கேரியரில் ஒரு பிஸ்கட் டின்னைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். அவிழ்த்து எடுத்துக்கொண்டு வந்து, வரிசையின் கடைசியில், முனியம்மாவின் டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆவடிக் கிடங்கு கிளார்க் வேணுகோபால்.

முனியம்மாதான் வாயைத் திறந்தாள். "இன்னா அண்ணாத்தே, பூந்தமல்லில மிஷினே இல்லியா?"

"கீது."

"அப்ப இங்க இன்னாத்துக்கு வந்துகினு? முன்னாலே என்னுது ஓடப் போவுது, தெரிமா?"

"தெரியும். அதான் பார்த்து வச்சேன்" என்றார்.

நைனா பெல்ட்டைச் சரிசெய்கிற சாக்கில் முதுகைத் திருப்பிக்கொண்டார். முனியம்மாவின் கேழ்வரகு ஓடி முடிந்தது. கல்லைத் தட்டவில்லை, தவிடு விடவில்லை. அக்கா அந்தப் பிஸ்கட் டின்னை எடுத்தாள். தலையை நிமிர்த்தாமல், வருகிற எல்லாரிடமும் கேட்கிற மாதிரியே, "இன்னா பதம்?" என்று கத்தினாள். அவர் பதில் சொன்னது என்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அக்காவுக்குக் கேட்டிருக்க வேண்டும். கல்லின் திருகை நைஸுக்கு இறுக்கினாள்.

திருவேற்காட்டுக் கோயிலில் எளிமையாகக் கல்யாணம் நடந்தது. தாயாரம்மாள் வரவில்லை. ஆனால் ஒற்றைப் பிள்ளையை விட்டு அவரால் எவ்வளவு நாள் இருக்க முடியும்? ஒரு பெட்டியும் தன்னுடைய ஏந்திரமுமாகப் பிள்ளை வீட்டுக்கே வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு மாவு. மிஷின் மாவு மற்றவர்களுக்கு, ஏந்திர மாவு தாயாரம்மாளுக்கு. இதை வைத்து அவரைப் பொல்லாதவர் என்று நீங்கள் நினைத்தால் அது என் எழுத்தின் கோளாறு. அக்காவின் பிரசவங்களை எல்லாம் அவர்தான் பார்த்தார். அக்காவுக்கு விஷ ஜுரம் வந்தபோது பக்கத்தை விட்டு நகராமல், வாயில் கஞ்சி ஊட்டிப் பிழைக்க வைத்தார். ஊட்டியது ஏந்திர மாவுக் கஞ்சி. தன் கையில் தெம்பு போனபிறகு, "சகுந்தலா, நீயே சுத்தும்மா" என்று ஏந்திரத்தின் பிடியை அக்காவிடம் கொடுத்தார். அக்கா சுற்றினாள். கடைசி மூச்சு வரைக்கும் எங்கள் மிஷின் மாவு ஒரு சிட்டிகை அவர் வாயில் போகவில்லை.

இப்போது அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் லேத் பட்டறைகளும், அவற்றுக்குப் பின்னால் அடுக்கு வீடுகளும் இருக்கின்றன. குருடாயில் என்ற வார்த்தையைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். டின் தூக்கிக்கொண்டு யாரும் போவதில்லை; மாவு பாக்கெட்டில் வருகிறது, மிச்சத்தை அவரவர் வீட்டில் அவரவர் மிக்ஸி பார்த்துக்கொள்கிறது. யாருக்குப் பின்னாலும் யாரும் நிற்க வேண்டியதில்லை. அதனால் அந்தக் கேள்வியும் மாவோடு சேர்ந்து போய்விட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். போன மாதம் முகப்பேரில் வீடு வாடகைக்குப் பார்க்கப் போனோம். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்காரர், சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு என்று விசாரித்தார். எனக்கு வந்த கோபத்தில் கத்திய கத்தலுக்கு அந்த அடுக்கு வீட்டில் இருந்தவர்களெல்லாம் வெளியே வந்துவிட்டார்கள்.

திரும்பும் வழியில் பூந்தமல்லியில் இறங்கி அக்காவைப் பார்த்தேன். அத்தானும் போய்ச் சேர்ந்துவிட்டார்; அவள் மட்டும் மகனோடு இருக்கிறாள். அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று, ஓய்வு பெற்றபின் பெரிய அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கண்ட சங்கதி ஒன்றைச் சொன்னேன். நைஸ் என்ற அந்த வார்த்தை லத்தீனில் பிறந்தபோது அதற்கு "ஒன்றும் அறியாத" என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரன் வழியாக இங்கிலீஷுக்கு வந்தபோது "முட்டாள்" என்றார்கள். பிறகு, எதைத் தொட்டாலும் முகம் சுளித்து, இது ஆகாது அது ஆகாது என்கிறவர்களைச் சொன்னார்கள். அப்புறம் நுட்பமானது, மிருதுவானது என்று ஆயிற்று. சட்டைக்கார ஃபிட்டர் விரலில் தேய்த்தது அதைத்தான். எல்லாம் கடந்து கடைசியில்தான் நல்லது, நல்ல மனசு என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அக்கா காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் தெரியாததுலேர்ந்து நல்ல மனசுக்கு வர அதுக்கு எவ்ளோ நாளு ஆச்சாம்?" என்று கேட்டாள்.

"நாளா? பல நூறு வருஷம் ஆயிருக்கு" என்றேன்.

அவள் சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த மாமியாரின் படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவ்ளோ வருஷமா? பாவம், அப்ப எங்க மாமியாரு கொஞ்சம் சீக்கிரமாவே போயிட்டாங்கடி."